உராய்வை வென்றவர்

சுள்ளிக்கல் வீதிகளில் விரையும் மிதிவண்டிகளின் சக்கர நடுவே சிறிய எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. சுழலும் பகுதிகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாமல் காப்பவை இவையே. இத்தகைய குண்டுகளை இரு வளையங்களுக்கு இடையே பொருத்திய உறுப்பைப் பால் பேரிங் என்கிறோம். தமிழில் பந்துத் தாங்கி என்பர். அதனை நெடுநாள் உழைக்கச் செய்தவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்வென் விங்குவிஸ்ட்.

1876ஆம் ஆண்டு பிறந்த விங்குவிஸ்ட், நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். 1899இல் கோத்தன்பர்க் துறைமுக நகரின் நெசவாலை ஒன்றில் பணியேற்றார். கொச்சியின் கரையோர நிலத்தைப் போலவே அவ்வாலையின் அடிநிலமும் மென்மையான களிமண்ணாகும். நிலம் அமிழ்ந்தபோது, இயந்திரங்களை இயக்கும் நீண்ட சுழல்தண்டுகள் நேர்கோட்டினின்று விலகின. பாரம் ஒருபுறமாக அழுத்தியதால் தாங்கிகள் சூடேறித் தேய்ந்து பழுதுற்றன. மாற்றுத் தாங்கிகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரக் காலதாமதம் ஆயிற்று. ஆலையின் வேலை தடைப்பட்டது.

நிலத்தை மாற்ற இயலாது என்பதை விங்குவிஸ்ட் உணர்ந்தார். எனவே, தண்டின் சாய்வுக்கு இணங்கும் தாங்கியை உருவாக்க முனைந்தார். அவர் அமைத்த தாங்கியில் குண்டுகள் இரு வரிசைகளாக இருந்தன. வெளிவளையத்தின் உட்புறம் கோளத்தின் ஒரு பகுதிபோல் வளைந்திருந்தது. தண்டு சற்றே சாய்ந்தால் உள்வளையமும் குண்டுகளும் உடன்சாயும், சுழற்சியோ தடைப்படாது. 1907இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே எஸ்.கே.எஃப். நிறுவனமும் தோன்றியது.

தாங்கி எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைச் சோதித்தே அறிய இயலும். ஒரே வகைத் தாங்கிகள் பலவற்றின்மீது பெரும்பாரம் ஏற்றி, உலோகம் சோர்வுற்றுச் செதிலாக உரியும்வரை சுழலவிடுவர். பத்தில் ஒன்பது தாங்கிகள் பழுதின்றிக் கடக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கையே அவற்றின் ஆயுள் எனக் கொள்ளப்படும். பாரம் இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும் என்னும் கணக்கினை, அந்நிறுவனத்தைச் சார்ந்த ஆர்விட் பாம்கிரென் 1924இல் வெளியிட்டார்.

விங்குவிஸ்ட் 1953இல் மறைந்தார். உடைந்ததை மாற்றுவதோடு நின்றுவிடாமல், அது உடைந்த காரணத்தைத் தேடியவர் அவர். அத்தேடலின் பயனை இன்று உலகெங்கும் சுழலும் இயந்திரங்கள் பெறுகின்றன.

சொற்பொருள்
உராய்வு – உரசுதலால் எழும் தடை
அமிழ்தல் – கீழிறங்குதல்
இணங்குதல் – ஒத்துப்போதல்

விடை எழுதுக
1. ஆலையின் தாங்கிகள் பழுதுற்றமைக்குக் காரணம் யாது?
2. விங்குவிஸ்ட் அமைத்த தாங்கியின் சிறப்பு யாது?
3. பாரம் இருமடங்கானால் தாங்கியின் ஆயுள் என்னவாகும்?