லட்சுமிநரசு செட்டியார்: சென்னையின் முதல் தேசாபிமானி

காங்கிரஸ் மகாசபை 1885-ம் வருஷம் பம்பாயில் முதன்முதலாகக் கூடிற்று என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதற்கு 33 வருஷங்களுக்கு முன்னரே பிரஜைகளின் குறைகளை எடுத்துரைக்கச் சென்னையில் ஒரு சங்கம் தோன்றிற்று என்பதை அறிந்தோர் சிலரே. பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் அன்பர்களுடன் அளவளாவிய பொழுது, நமது ராஜீய இயக்கத்துக்கு வித்திட்டவர் யாரென்ற வினா எழுந்தது. ஹியூம் துரையின் பெயரைச் சொன்னவர் பலர். கஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் பெயரைச் சொன்னவர் ஒருவருமிலர். ஆகவே இதனை எழுதலானோம்.

1806-ம் வருஷம் சென்னையில் வர்த்தகக் குடும்பத்தில் பிறந்த அவர், அவுரி வியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளைத் தமக்கென வைத்துக்கொண்டாரில்லை. 1844-ல் கிரெஸண்ட் என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். பாதிரிமாரின் மதமாற்ற முயற்சிக்கு உத்தியோகஸ்தர்கள் துணைநின்றதை அது அஞ்சாது கண்டித்தது.

1852-ல் அவரது முயற்சியால் சென்னைச் சுதேசிகள் சங்கம் நிறுவப்பட்டது. கம்பெனியின் சாஸனத்தைப் புதுப்பிக்கும் விஷயம் அப்பொழுது பார்லிமெண்டின் ஆலோசனைக்கு வரவிருந்தது. தக்க தருணத்தை நழுவவிடாமல், நிலவரியின் கொடுமை, நீதி ஸ்தலங்களின் தாமதம், பாசன வேலைகளும் பாதைகளும் பள்ளிகளும் போதாமை ஆகியவற்றை விவரித்துச் சங்கத்தார் பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் அனுப்பினர்.

விண்ணப்பத்தோடு செட்டியார் நின்றுவிடவில்லை. 1853-ல் டான்பி ஸீமோர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் சென்னைக்கு வந்தபொழுது, அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர்களின் நிலையை நேரில் காணச் செய்தார். ரயத்துவாரி முறையில் வரி செலுத்த இயலாதவரின் விரல்களைக் கிட்டியில் நெரிப்பதும், உடலை வளைத்துக் கட்டி அண்ணாந்தாள் போடுவதும் அக்காலத்து வசூல் முறைகள். ஸீமோர் இதனைச் சபையில் கிளப்பவே, 1854-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. மறுவருஷம் வெளிவந்த அறிக்கை, கொடுமை பரவலாக நிகழ்ந்ததை ஒப்புக்கொண்டது. ஆயினும் பழியைச் சுதேசிச் சிப்பந்திகள் மேலேற்றி, மேலிருந்த வெள்ளை அதிகாரிகளைக் காத்தது. வரியின் பாரத்தை நிர்ணயித்தவன் குற்றமற்றவன், வசூலித்தவன் மட்டுமே குற்றவாளி என்பது எந்த நியாயமோ, நாமறியோம்.

அவரது கொள்கையில் குறையில்லை என்று நாம் கூறவில்லை. கம்பெனி ஒழிந்து ராணியின் நேரான ஆட்சி வந்தால் துயர் தீருமென்று சங்கத்தார் நம்பினர். 1858-ல் அம்மாறுதல் வந்தது. குடியானவனின் பாரம் இறங்கவில்லை. சங்கத்தில் கூடியவர்களும் பெரும்பாலும் நகரத்துச் செல்வர்களே. எனினும் சாட்சியின்றி வழக்கில்லை என்பதை உணர்ந்து, கிராமத்தானின் கண்ணீரையே சாட்சியாக நிறுத்திய பெருமை செட்டியாருடையது.

பின்னர் சட்டசபையில் அங்கத்தினராக நியமனம் பெற்றார். ஆனால் பொதுக்காரியங்களிலேயே செல்வம் கரைந்தது. லட்சங்கள் புரண்ட கைகளுக்குரியவர் 1868-ல் வறுமையில் மாண்டார். பதினாறு வருஷங்களுக்குப் பின், 1884-ல், சென்னை மகாஜன சபை பிறந்தது. அதற்கடுத்த வருஷம் காங்கிரஸ் பிறந்தது.

விளைச்சலைக் கண்டவர் விதைத்தவரை மறத்தல் உலக இயல்பு. அரசியலில் உழைக்கும் நமது வாலிபர்கள் அங்ஙனம் மறவாதிருக்க வேண்டுகிறோம். மேடையேறு முன் கிராமத்துக்குச் சென்று, கண்டதைக் கண்டபடி உரைக்கும் வழக்கம் நிலைத்தால், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் கடனாகும்.