கண்டிப்பும் ஒரு கரிசனமே!

கல்வராயன் மலைக்குக் கிழக்கே கள்ளக்குறிச்சி, மேற்கே சேலம். அந்தச் சேலத்தில், ஏற்காடு செல்லும் சாலையோரம் ஒரு நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களைத் தந்த 'மாடர்ன் தியேட்டர்ஸ்' நிறுவனத்தின் அடையாளம் அது. அதை உருவாக்கியவர் டி.ஆர்.சுந்தரம்.

1907-இல் பிறந்த அவர் திருச்செங்கோட்டு நெசவுத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் துணி உற்பத்தித் தொழில்நுட்பம் பயின்றவர். தமிழ்ப் படங்களை எடுக்கக் கலைஞர்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் பயணப்பட்ட காலம் அது. வீட்டைப் பிரிந்து, மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கிய குழுவினரின் சோர்வை அவர் நேரில் அறிந்திருந்தார். 1935-இல் சேலத்திலேயே படப்பிடிப்பு நிலையம் எழுந்தது.

ஆலையின் ஒழுங்கை அவர் கலைக்கூடத்துக்குக் கொண்டு வந்தார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு அனைத்தும் ஒரே வளாகத்தில் அமைந்தன. கலைஞர்களும் தொழிலாளர்களும் மாதச் சம்பளம் பெற்றனர். நேரம் தவறாமை எவருக்கும் விலக்கில்லாத விதி.

1940-இல் வெளியான 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். படச்சட்டத்தின் ஒரு பாதியை மறைத்து, அதே சுருளை மீண்டும் ஓடவிட்டு மறுபாதியைப் பதிவு செய்ய வேண்டிய காலம். கேமரா இம்மி அசைந்தாலும் உழைப்பு முழுவதும் வீண். இத்தகைய பணிக்குப் பதற்றமற்ற குழு வேண்டும். எப்போது தொடங்கும், எப்போது முடியும், ஊதியம் வருமா என்ற ஐயங்கள் இல்லாத இடத்தில்தான் அந்த நிதானம் வாய்க்கும்.

தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அந்த வளாகத்திலிருந்தே வந்தது. 1963-இல் சுந்தரம் மறைந்தார்.

அவரது கண்டிப்புக்கு அஞ்சியவர்கள் உண்டு. அச்சம் மட்டுமே ஒரு குழுவை நெடுநாள் கட்டிக்காக்காது. நட்சத்திரத்துக்கும் விளக்குப் பிடிப்பவருக்கும் ஒரே விதி என்ற நியாயமே அக்கண்டிப்பைத் தாங்கத்தக்கதாக்கியது.

இன்று கைப்பேசி அளவிலான கேமராவோடு காணொலி எடுக்கும் சிறு குழுக்களிலும் இரவு பகல் பாராத உழைப்பு இயல்பாகிவிட்டது. உற்சாக வார்த்தைகளுக்குக் குறைவில்லை. முடியும் நேரமும் கூலி கிடைக்கும் நாளும்தான் தெரிவதில்லை. குழுவின் மனம் வாடாதிருக்க முதலில் தேவை கைதட்டல் அல்ல, சொன்ன சொல் தவறாத ஒழுங்கு.