ராமானுஜனுக்குக் கிடைக்காத வெயில்



இரும்புலியூர் வெயிலைத் திட்டாதவன் நம்மில் உண்டா? சர்வே பிராக்டிகல் அன்று நானும் திட்டியவன்தான். போன வருஷம் அம்மாவுக்குக் கை கால் எலும்பெல்லாம் வலி. ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர், வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார். வெயில் கொளுத்துற ஊரில் இது எப்படி என்று தேடப் போனபோதுதான், நமக்கெல்லாம் தெரிந்த ஒருவருடைய வாழ்க்கை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அவர் கணித மேதை ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!) 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க் வேலை. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். 1914 மார்ச் 17-இல் கப்பல் ஏறினார்.

அறிவுக்கு அது ஏற்றம். உடம்புக்கு?

சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரி வடக்கே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் 52 டிகிரி. ராமானுஜன் பிறந்த நாளை ஒட்டித்தான் வருடத்திலேயே நண்பகல் சூரியன் மிகத் தாழ்ந்து நிற்கும். அன்று நம் மைதானத்தில் 2 மீட்டர் ரேஞ்சிங் ராடை நட்டால் நண்பகல் நிழல் ஒன்றரை மீட்டர்தான். அதே ராடைக் கேம்பிரிட்ஜில் நட்டால் நிழல் ஏழரை மீட்டரைத் தாண்டும்! அவ்வளவு சாய்வாக வரும் ஒளி அதிக தூரம் காற்றைக் கடக்க வேண்டும். தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் புற ஊதா பி கதிரை வழியிலேயே ஓசோன் விழுங்கிவிடும். கனடாவின் எட்மன்டனும் கிட்டத்தட்ட அதே அளவு வடக்கேதான். அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை வெயிலால் வைட்டமின் டி உருவாகவே இல்லை என்று 1988-இல் ஓர் ஆய்வு காட்டியது.

நம்மைப் போன்ற கருத்த தோலுக்கு வெயில் இன்னும் அதிக நேரம் வேண்டும். மீன், முட்டையில் கொஞ்சம் கிடைக்கும். ராமானுஜனோ சுத்த சைவம். உலகப் போர் நேரம், சாமான் தட்டுப்பாடு வேறு. தானே சமைத்துக்கொண்டு, சாப்பாட்டை மறந்து கணக்குப் போட்டார்.

1917-இல் படுத்தார். காசநோய் என்றார்கள், வைட்டமின் குறைவு என்றார்கள். மெண்டிப் மலையில் டாக்டர் சவுரிமுத்து நடத்திய சானடோரியத்திலும் சில காலம் இருந்தார். அந்தத் தமிழ் டாக்டர்தான் பிறகு 1928-இல் நம் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவர்! தினமும் மின்சார ரயிலில் அந்த ஸ்டேஷனைக் கடக்கிறோமே, யாராவது நினைத்ததுண்டா?

அன்றைய டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. வைட்டமின் டி-க்குப் பெயர் வைத்ததே 1922-இல்தான். லண்டன்வாழ் குஜராத்தியரில் அது குறைந்தவர்களிடம் காசநோய் அதிகம் என்று தெரிந்தது 2000-இல். ராமானுஜனுக்கு வந்தது காசநோயே அல்ல, ஈரலில் அமீபா தொற்று என்று சொல்பவர்களும் உண்டு. அதனால் வெயில் இல்லாமைதான் கொன்றது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து குளிர்காலம் அந்த உடம்புக்கு அது கிடைக்கவில்லை என்பது நிச்சயம்.

1918-இல் எஃப்.ஆர்.எஸ். பட்டம். 1919-இல் எலும்பும் தோலுமாய் ஊர் திரும்பினார். படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நண்பகலில் நிழலே விழாத நாட்கள் அவை. வெயில் வந்தது, காலம் கடந்துவிட்டது.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். அவர் விடியுமுன் வேலைக்குக் கிளம்பி இருட்டியபின் திரும்புகிறவர். பகல் முழுக்க ட்யூப்லைட். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலிலும் புற ஊதா பி கிடையாது. அதாவது, இரும்புலியூரில் இருந்தபடியே அவர் கேம்பிரிட்ஜ் குளிர்காலத்தில் வாழ்ந்திருக்கிறார்! இப்போது டாக்டர் தந்த மாத்திரையோடு, லீவு நாளில் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு அல்ல. அப்போது நிழல் நீளம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாகும் நேரத்தில், தோல் சிவந்து எரியுமுன் எழுந்துவிடும் அளவுக்கு.

நண்பர்களே, அந்த மேதை கடல் கடந்து இழந்தது நமக்கு வாசலில் இலவசமாகக் கிடக்கிறது. அடுத்த சர்வே பிராக்டிகலில் வெயிலைத் திட்டுமுன், ராடின் நிழலை ஒருமுறை அளந்து பாருங்கள்!

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு