மதராஸ் கவர்னரின் பேரன்

1778-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந்தேதி. லண்டனில் பிரபுக்கள் சபை கூடியிருந்தது. 69 வயதுப் பெரியவர் ஒருவர் தள்ளாடியபடி உள்ளே வந்தார். கால்களில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. மகனும் மருமகனும் தாங்கிப் பிடித்திருந்தனர். பெரியவர் பேசினார். பதில் சொல்ல மறுபடியும் எழுந்தபோது மயங்கி விழுந்தார். மே 11-ந்தேதி உயிர் பிரிந்தது.

அவர்தான் வில்லியம் பிட். பிரிட்டனின் முன்னாள் பிரதம மந்திரி. 1760-ல் நம் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றதே, அந்த யுத்தத்தை லண்டனிலிருந்து நடத்தியவர் இவரே.

பிட்டின் தாத்தா தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை மதராஸ் கவர்னர். மதராசில் ஒரு பெரிய வைரத்தை வாங்கி, பிரான்சுக்கு விற்றுக் கோடீசுவரர் ஆனார். பிற்பாடு நெப்போலியனின் வாளில் பதிக்கப்பட்டது அந்த வைரம்தான். பேரனோ இளைய பிள்ளை. சொத்தில் கிடைத்தது சொற்பம். பரம்பரையாக வந்து சேர்ந்தது கவுட் என்னும் கீல்வாதம்!

பள்ளியில் படிக்கும்போதே மூட்டு வலி ஆரம்பித்து விட்டது. ஆக்ஸ்போர்டு படிப்பும் அதனால் பாதியில் நின்றது. 1765-ல் அமெரிக்கர்கள் மீது முத்திரை வரி போட்டார்கள். அந்த வரியைப் பிட் கடுமையாக எதிர்த்தவர். ஆனால் சட்டம் நிறைவேறிய சமயம் அவர் சபையில் இல்லை. நோய் அவரைப் படுக்கையில் போட்டிருந்தது.

மகன் இளைய பிட், 1783-ல் 24 வயதிலேயே பிரதம மந்திரி ஆனார். அவரையும் கவுட் விடவில்லை. 46 வயதில் இறந்தார்.

குடித்துத் தின்று கொழுத்தவர்களுக்கு வரும் நோய் என்று அன்று கேலி செய்தார்கள். இன்றும் அந்தப் பேச்சு ஓயவில்லை. கறி, ஈரல், பீர் ஆகியவை நோயைக் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் பள்ளிச் சிறுவன் என்ன குடித்துக் கெட்டிருப்பான்?

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பஸ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வெளியே போகும் வழி பாதி அடைத்துக் கிடந்தால் என்ன ஆகும்? ரத்தத்தில் யூரிக் அமிலம் சேர்வதும் அப்படித்தான். அதை வெளியேற்றுவது சிறுநீரகமும் குடலும். அந்த வழியைத் திறந்துவிடும் ஜீன்களில் ஒன்று ஏ.பி.சி.ஜி.2. அதில் பழுது இருந்தால் அமிலம் தேங்கும். அந்தப் பழுது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும்.

அமிலம் கூடிய எல்லோருக்கும் கவுட் வருவதில்லை. பெரும்பாலோர் தப்பி விடுகிறார்கள். அமிலம் மூட்டில் ஊசி ஊசியாகப் படிய வேண்டும். அதைக் கண்டு உடம்பின் காவல் அணுக்கள் பொங்கி எழ வேண்டும். அப்போதுதான் பெருவிரல் நெருப்பாய் எரியும். சுமார் 26 லட்சம் பேரை ஆராய்ந்து 2024-ல் வெளியான முடிவுப்படி, கவுட்டோடு தொடர்புள்ள இடங்கள் நம் மரபணுக்களில் 377. அந்தப் பொங்கலை அடக்கும், தூண்டும் ஜீன்களும் அவற்றில் அடக்கம்.

பிட்டுக்குக் கிடைக்காத மருந்து அலோபியூரினால். 1966-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அமிலம் உண்டாவதையே குறைக்கும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் வாங்கி விழுங்கக் கூடாது. சிலருக்குத் தோல் வெந்து உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதற்கும் ஒரு பரம்பரை ஜீன் காரணம்!