ஜாக் ஜான்சன்: நடக்காத சண்டையில் ஜெயித்தது யார்?



இந்த மாதச் சுவர் இதழுக்குப் புகழ்பெற்ற ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி தமிழம்மா சொன்னாங்க. எல்லோரும் விஞ்ஞானி, கவிஞர் என்று எழுதுவீர்கள். நான் ஒரு குத்துச்சண்டை வீரரைப் பற்றி எழுதுகிறேன். பொண்ணுக்கு எதுக்கு குத்துச்சண்டை என்று சிரிக்காதீர்கள். கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

விஷயம் எப்படி ஆரம்பித்தது என்றால், லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் காலேஜில் படிக்கிறார். அவர் தன் செல்போனில் ரெண்டு பழைய ஊமைப் படம் காட்டினார். ஒன்று 1910ஆம் வருஷம் எடுத்தது. அதில் ஜாக் ஜான்சன் சண்டை போடுகிறார். இன்னொன்று 1919ஆம் வருஷம் எடுத்தது. அதில் ஜாக் டெம்ப்சி. ரெண்டு பேருமே அமெரிக்கர்கள். ரெண்டு பேருமே ஹெவிவெயிட் உலக சாம்பியன்கள். ஆனால் ஒருத்தரோடு ஒருத்தர் பட்டத்துக்காக மோதியதே இல்லை. மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? அண்ணன் டெம்ப்சி என்றார். நான் ஜான்சன் என்றேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் வாதம் நடந்தது.

முதலில் ஜான்சனின் கதையைச் சொல்கிறேன்.

இளமைப் பருவம்:

ஜான்சன் 1878ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள கால்வெஸ்டன் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அவருடைய அப்பா, அம்மா இருவரும் முன்பு அடிமைகளாக இருந்தவர்கள். பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. அதனால் ஜான்சன் சில வருஷங்கள்தான் பள்ளிக்கூடம் போனார். பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போய்விட்டார். அங்கேதான் சண்டையும் பழகினார்.

1901ஆம் ஆண்டு ஜோ சாயின்ஸ்கி என்ற அனுபவசாலி கால்வெஸ்டனுக்கு வந்தார். மூன்றாவது ரவுண்டிலேயே ஜான்சனை நாக் அவுட் செய்துவிட்டார். அப்போது டெக்சாஸில் பந்தயக் குத்துச்சண்டை சட்டத்துக்கு விரோதம். அதனால் ஜெயித்தவர், தோற்றவர் ரெண்டு பேரையும் பிடித்து ஜெயிலில் போட்டுவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தார்கள். அந்த நாட்களில் சாயின்ஸ்கி, தன்னிடம் தோற்ற ஜான்சனுக்கே வித்தை சொல்லிக்கொடுத்தார். அடி எப்படி வாங்காமல் தப்பிப்பது என்பதுதான் பாடம். ஜெயிலே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது!

மூடியிருந்த கதவு:

1903ஆம் ஆண்டு ஜான்சன் கறுப்பினத்தவருக்கான ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். நன்றாகக் கவனியுங்கள். கறுப்பினத்தவருக்குத் தனிப் பட்டம். உண்மையான உலகப் பட்டத்துக்கு அவர்களை விடமாட்டார்கள். அப்போது உலக சாம்பியனாக இருந்தவர் ஜிம் ஜெஃப்ரிஸ். பட்டத்துக்காகக் கறுப்பர்களோடு மோத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1905ஆம் ஆண்டு தோல்வியே காணாதவர் என்ற பெயரோடு ஓய்வு பெற்று, பண்ணை வேலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கனடாவைச் சேர்ந்த டாமி பர்ன்ஸ் சாம்பியன் ஆனார். ஜான்சன் அவரை விடவில்லை. பர்ன்ஸ் இங்கிலாந்து போனால் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போனால் ஆஸ்திரேலியா என்று பின்னாலேயே போய்ச் சவால் விட்டார். கடைசியில் பர்ன்ஸ் 30,000 டாலர் கொடுத்தால் வருகிறேன் என்றார். ஜான்சனுக்குக் கொடுத்தது வெறும் 5,000 டாலர். அவர் அதற்கும் சரி என்றார். அவருக்குத் தேவை பணம் இல்லை, வாய்ப்பு.

1908ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சிட்னி நகரில் சண்டை நடந்தது. பதினாலாவது ரவுண்டில் போலீஸே தலையிட்டு நிறுத்தும் அளவுக்கு பர்ன்ஸ் அடி வாங்கினார். ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 30.

ரெனோ சண்டை:

வெள்ளையர் பலருக்கு இது பொறுக்கவில்லை. ஜெஃப்ரிஸ் மட்டும் திரும்பி வந்தால் ஜான்சன் நிற்க மாட்டார் என்று பேசினார்கள். ஜாக் லண்டன் என்ற பெரிய எழுத்தாளரே ஜெஃப்ரிஸைத் திரும்பி வரச் சொல்லி எழுதினார். ஜெஃப்ரிஸ் ஆறு வருஷமாகச் சண்டையே போடவில்லை. உடம்பு ரொம்பப் பெருத்திருந்தது. அதையெல்லாம் குறைத்துக்கொண்டு வந்தார்.

1910ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நெவாடா மாநிலம் ரெனோ நகரில், கொளுத்தும் வெயிலில், ஏறத்தாழ 20,000 பேர் முன்னால் சண்டை நடந்தது. இதைத்தான் அண்ணன் செல்போனில் நான் பார்த்தேன். ஜான்சன் அவசரமே படவில்லை. எதிராளியின் கையைப் பிடித்துக்கொள்கிறார், தள்ளுகிறார், சிரிக்கிறார், திடீரென்று கீழிருந்து மேலே ஒரு குத்து விடுகிறார். அதுவரைக்கும் யாரும் கீழே தள்ளாத ஜெஃப்ரிஸ் பதினைந்தாவது ரவுண்டில் கீழே விழுந்தார். அவர் பக்கத்து ஆட்களே சண்டையை நிறுத்திவிட்டார்கள்.

அன்று இரவு அமெரிக்காவில் பல ஊர்களில் கலவரம் வெடித்தது. பலர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஒரு விளையாட்டில் ஜெயித்ததற்காக! அந்தப் படத்தைக் காட்டக் கூடாது என்று பல ஊர்களில் தடை போட்டார்கள். 1912ஆம் ஆண்டு, குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமே வந்தது.

வழக்கும் வீழ்ச்சியும்:

ஜான்சன் பயந்து அடங்குகிறவர் இல்லை. விலை உயர்ந்த கோட்டு, வேகமான கார், தங்கப் பல் என்று ராஜா மாதிரி வாழ்ந்தார். வெள்ளைக்காரப் பெண்களைத் திருமணம் செய்தார். அவரிடம் குறைகளும் இருந்தன. ஆனால் அவரைத் தண்டித்தது குறைகளுக்காக அல்ல, நிறத்துக்காக. தவறான நோக்கத்தில் பெண்களை மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துப் போவதைத் தடுக்க 1910இல் வந்த சட்டத்தை, அவர் தன் தோழியோடு பயணம் செய்ததற்குப் பயன்படுத்தினார்கள். 1913ஆம் ஆண்டு வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறை. அவர் தப்பித்து வெளிநாடு போய்விட்டார்.

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கியூபாவின் ஹவானா நகரில், ஆறரை அடி உயரமுள்ள ஜெஸ் வில்லார்டிடம் 26ஆவது ரவுண்டில் பட்டத்தை இழந்தார். 1920இல் தாய்நாடு திரும்பிச் சரணடைந்து தண்டனையை அனுபவித்தார். அவர் கண்டுபிடித்த ஒரு வகை ஸ்பேனருக்கு 1922ஆம் ஆண்டு காப்புரிமைகூட கிடைத்தது.

எங்கள் வாதம்:

இப்போது அண்ணன் கட்சிக்கு வருவோம். டெம்ப்சி 1895ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1919ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், ஜான்சனை வீழ்த்திய அதே வில்லார்டை முதல் ரவுண்டில் மட்டும் ஏழு தடவை கீழே தள்ளினார். வில்லார்ட் நாலாவது ரவுண்டுக்கு எழுந்து வரவே இல்லை. அண்ணன் கணக்கு சுலபம். ஜான்சனை வில்லார்ட் ஜெயித்தார். வில்லார்டை டெம்ப்சி ஜெயித்தார். அதனால் டெம்ப்சி ஜான்சனை ஜெயிப்பார்.

கணக்குப் பாடத்தில் இது சரி. விளையாட்டில் சரி இல்லை. ஹவானாவில் தோற்றபோது ஜான்சனுக்கு வயது 37. டெம்ப்சியிடம் தோற்றபோது வில்லார்டுக்கும் வயது 37! டெம்ப்சிக்கு அப்போது 24. ரெண்டு இடத்திலும் தோற்றது வயதானவர்தான்.

அண்ணன் விடவில்லை. ஸ்டான்லி கெட்செல் என்பவர் ஜான்சனைவிட ரொம்பச் சின்ன உருவம். 1909இல் அவரே ஜான்சனை ஒரு தடவை கீழே தள்ளினார். அப்படியானால் டெம்ப்சியின் இடது கை என்ன செய்யும் என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் ஜான்சன் எழுந்த உடனே கெட்செலை நாக் அவுட் செய்துவிட்டார் என்பதையும் சொல்லணும் இல்லையா?

என் வாதம் இது. டெம்ப்சி குனிந்து, ஆடி ஆடி உள்ளே புகுந்து வேகமாக அடிப்பவர். முதல் நாலு ரவுண்டு ஆபத்து. ஆனால் தற்காப்பு தெரிந்தவர்களை அவரால் சுலபமாக வீழ்த்த முடியவில்லை. 1923இல் டாமி கிப்பன்ஸ் அவர் முன்னால் பதினைந்து ரவுண்டும் நின்றார். 1926இல் ஜீன் டன்னி பத்து ரவுண்டில் புள்ளிக் கணக்கில் ஜெயித்துப் பட்டத்தையே எடுத்துக்கொண்டார். தற்காப்பில் ஜான்சன் பெரிய வாத்தியார். அதனால் முப்பது வயசு ஜான்சனும் 24 வயசு டெம்ப்சியும் மோதினால், ஆறாவது ரவுண்டைத் தாண்டினால் ஜான்சன்தான். தாண்டாவிட்டால் டெம்ப்சி. இதுதான் என் தீர்ப்பு.

எழுதக் கஷ்டமாக இருந்த பகுதி:

டெம்ப்சி சாம்பியனாக இருந்த 1919 முதல் 1926 வரை, ஹாரி வில்ஸ் என்ற திறமையான கறுப்பின வீரர் காத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சண்டை நடக்கவே இல்லை. இதைச் சொல்லி அண்ணனை மடக்கிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அப்போது அவர் இன்னொரு பெயரைச் சொன்னார். சாம் லாங்ஃபோர்ட்.

லாங்ஃபோர்டும் கறுப்பின வீரர்தான். 1906இல் ஜான்சன் அவரை ஒரு தடவை ஜெயித்தார். அப்புறம் லாங்ஃபோர்ட் ரொம்ப முன்னேறினார். ஆனால் சாம்பியன் ஆன பிறகு ஜான்சன் அவருக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்கவில்லை. தனக்கு மூடியிருந்த கதவை உடைத்து உள்ளே போனவர், பின்னால் வந்தவருக்கு அதே கதவைச் சாத்திவிட்டார். எனக்கு அழுகை வராத குறை. இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிடித்தவர் என்பதற்காக மறைத்தால் அது வரலாறு ஆகாது.

அடுத்த கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் வருவதற்கு 1937 ஆகிவிட்டது. ஜான்சன் தோற்று 22 வருஷம்!

ஜான்சன் 1946ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் வடக்கு கரோலினாவில் கார் விபத்தில் இறந்தார். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கறுப்பர் என்பதால் மதிக்காமல் நடத்தினார்கள் என்று கோபத்தோடு கிளம்பி, வேகமாக ஓட்டிப் போனார். வயது 68. அவர் மேல் இருந்த தண்டனைக்கு 2018ஆம் ஆண்டு மே மாதம்தான் அமெரிக்க ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். அப்போது அவர் இறந்து ஏறத்தாழ 72 வருஷம் ஓடிவிட்டது.

முடிவாக:

ஜெஃப்ரிஸ் ஓய்வு பெற்றபோது, ஜான்சனோடு மோதியிருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார் என்று ஊரே பேசியது. மோதிய பிறகுதான் உண்மை தெரிந்தது. மோதாத வரைக்கும் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம்.

எனக்கு இது ஏன் மனசில் நின்றது என்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் 800 மீட்டரில் நம் பள்ளியில் நான் முதலிடம். வெளியூர்ப் போட்டிக்கு வீட்டில் என்னை விடவில்லை. பஸ் திரும்பி வர இருட்டிவிடும் என்றார்கள். இரண்டாவதாக வந்த என் தோழி போனாள், ஓடினாள், மூன்றாம் பரிசோடு வந்தாள். அன்று முதல் எல்லோரும் என்னிடம், நீ போயிருந்தால் முதல் பரிசு உனக்குத்தான் என்கிறார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அவள் முன்னாலேயே சொல்லும்போது அவள் முகம் வாடிப்போகிறது. அவள் ஓடி வாங்கிய பரிசு அது. நான் ஓடவே இல்லை. ஓடாதவளுக்கு எதற்கு முதலிடம்?

அதனால் என் வேண்டுகோள் இதுதான். ஜெயித்திருப்பாய் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இந்த வருஷம் ஓட விடுங்கள். தோற்றால் தோற்றேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அப்பாவிடம் பேசுவதாகச் சொல்லியிருக்காங்க. இந்த இதழை அப்பாவுக்குக் காட்ட, பெற்றோர் கூட்டத்துக்கு அவரைக் கையோடு கூட்டி வருவேன்.

ஜான்சனா டெம்ப்சியா என்று உங்கள் கருத்தைக் கீழே உள்ள வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதுங்கள். அண்ணனுக்குக் காட்டணும்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி