பழியும் பொறுமையும்: பம்மல் சம்பந்த முதலியார்

சென்ற ஆண்டு கழகத்தின் கலையிரவுக்காக நாடகம் எழுத உட்கார்ந்தேன். தந்தையைக் கொன்றவனை மகன் தேடிப் பிடித்துப் பழிவாங்குவதாகக் கதை. கடைசிக் காட்சியில் யாரை எப்படிக் கொல்வது என்பதைத் தாண்டி என் கற்பனை நகரவே இல்லை. வழி தேடி நூலகத்தில் அலைந்தபோதுதான் பம்மல் சம்பந்த முதலியார் என் கண்ணில் பட்டார்.

1873-இல் சென்னையில் பிறந்தவர் அவர். தந்தையார் விஜயரங்க முதலியார் தமிழ் நூல்களை வெளியிட்டு வந்தார். மகனுக்கோ இளமையில் தமிழ் நாடகம் என்றாலே ஏளனம். 1891-இல் பல்லாரி வழக்கறிஞர் கிருஷ்ணமாசார்லுவின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. கற்றவர்களும் மேடையேறலாம் என்பதை அன்று கண்டவர், அதே ஆண்டில் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. அதாவது, நம் முதலாம் ஆண்டு மாணவரைவிடவும் இளையவர்!

1895-இல் அவருடைய ‘மனோகரா’ மேடையேறியது. அரசன் புருஷோத்தமன் வசந்தசேனையின் வலையில் விழுந்து, பட்டத்தரசி பத்மாவதியைப் புறக்கணிக்கிறான். தாயின் அவமானத்திற்குப் பழிதீர்க்க மகன் மனோகரன் துடிக்கிறான். அவன் கையைக் கட்டிப்போடுவது பகைவனின் பலம் அன்று, தாய்க்குக் கொடுத்த வாக்கு. இரும்புச் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்பவன் தாய்சொல்லுக்கு அடங்கி நிற்கும் இடமே நாடகத்தின் உயிர். அந்த மனோகரனாக நடித்தவரும் சம்பந்த முதலியாரே.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அவர் ‘அமலாதித்யன்’ என்று தமிழாக்கினார். அது 1908-இல் நூலாக வந்தது. ஹாம்லெட்டும் பழிதீர்க்கத் தயங்குகிறான். ஆனால் அவனைத் தடுப்பது அவனுடைய ஐயமே. மனோகரனைத் தடுப்பதோ கடமை. ஒருவனின் தயக்கம் அரண்மனையையே பிணக்காடாக்குகிறது; மற்றவனின் பொறுமை தாயின் சொல்லைக் காக்கிறது. இவ்விரண்டு இளவரசர்களையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர் ஒருவரே என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

ஹாம்லெட் நம் ஜார்ஜ் டவுனுக்கும் அந்நியன் அல்லன். பார்சி நாடகக் குழுக்கள் கடல் கடந்து பினாங்குக்கு வந்தன. அவற்றைப் பார்த்து மாமாக் பூஷி 1885-இல் தொடங்கிய குழுவோடு பங்சாவான் மலர்ந்தது. பின்னர் அந்த மேடையில் ஹாம்லெட் மலாய் பேசினான். வங்கக் கடலின் இரு கரைகளிலும் ஒரே கதை!

நாடகக்காரராக மட்டும் அவர் வாழவில்லை. வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1924-இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியானார். 1928-இல் ஓய்வு பெற்றார். பகலில் சட்டம், மாலையில் ஒத்திகை என்று வாழ்ந்தவருக்குப் பழிக்கும் நீதிக்கும் உள்ள இடைவெளி நன்றாகத் தெரிந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். சிலப்பதிகாரம் அந்த இடைவெளியை முன்பே நமக்குக் காட்டியிருக்கிறது. கண்ணகி முதலில் சென்றது அரசவைக்கு. சிலம்பை உடைத்து வழக்கை நிறுவிய பிறகுதான் மதுரை எரிந்தது. அப்போதும் அறவோரையும் குழந்தைகளையும் தீண்டாதிருக்கத் தீக்கு அவள் ஆணையிட்டாள்.

1936-இல் ‘மனோகரா’ திரைப்படமானபோது, சம்பந்த முதலியார் அரசன் புருஷோத்தமனாக நடித்தார். இளமையில் வாளோங்கிய மகன், முதுமையில் அந்த வாளுக்கு முன் நிற்கும் தந்தை! பழிவாங்கலின் இரு பக்கத்தையும் தம் உடம்பால் அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 1954-இல் சிவாஜி கணேசன் நடிப்பிலும் மு. கருணாநிதியின் வசனத்திலும் அக்கதை மீண்டும் திரைக்கு வந்து புகழ்பெற்றது.

தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதிய அவருக்கு 1959-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1964-இல் அவர் மறைந்தார்.

என் நாடகத்தின் கடைசிக் காட்சியை மாற்றி எழுதினேன். மகன் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறான், கத்தியையும் ஓங்குகிறான். பின்னால் அவன் தாய் வந்து நிற்கிறாள். அத்துடன் திரை விழுகிறது. ஒத்திகை பார்த்த நண்பர்கள், அவன் குத்தினானா இல்லையா என்று விடுதி வரைக்கும் வாதாடிக்கொண்டே நடந்தார்கள். எல்லாரையும் கொன்று முடித்திருந்தால் அந்த வாதம் பிறந்திருக்காது. இந்த ஆண்டு நாடகம் எழுதப்போகும் தம்பி, தங்கையரே, பேனாவைத் தொடுமுன் ஒருமுறை ‘மனோகரா’வைப் படித்துவிடுங்கள்.