தூரத்துக்கு ஸ்கேல் கொடுத்தவர்

ப்ராஜெக்ட் வேலையை நீங்க செஞ்சு, ரிப்போர்ட்ல வேற ஒருத்தர் கையெழுத்து இருந்தா எப்படி இருக்கும்? ஹென்ரியெட்டா லீவிட்டுக்கு அதுதான் நடந்துச்சு.

1868-ல் அமெரிக்காவில் பிறந்தவர். காது சரியாகக் கேட்காது. ஹார்வர்டு வானாய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் சம்பளத்தில், போட்டோ தகடுகளில் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்தார்.

செஃபீட் நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடிக் குறையும். பிரகாசம் அதிகமானால், ஒரு சுற்றுக்கு ஆகும் நாளும் அதிகம் என்று கண்டுபிடித்தார். அப்போ நாளை எண்ணினா நிஜப் பிரகாசம் தெரியும். நமக்கு எவ்வளவு மங்கலா தெரியுதுன்னு பார்த்தா தூரம் கிடைச்சுடும்! 1912-ல் வந்த அந்த அறிக்கையில் கையெழுத்து, இயக்குநர் பிக்கரிங்குடையது.

1921-ல் புற்றுநோயில் இறந்தார். அவர் கொடுத்த ஸ்கேலை வச்சுத்தான் ஹப்பிள் கேலக்ஸிகளின் தூரத்தை அளந்து, 1929-ல் பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொன்னார்.

1925-ல் நோபலுக்குப் பரிந்துரைக்கணும்னு ஸ்வீடனிலிருந்து லீவிட் பேருக்கே ஒரு கடிதம் வந்துச்சு. வாங்கிப் படிக்கத்தான் அவர் இல்லை.